பின்வரிசைக் கைதட்டல்

என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சை நான் பேசினேன். அதனால் என் பேத்தி தோற்றாள். இதை ஒளித்து வைத்து என்ன பயன்?

டென்மார்க்கில் நாங்கள் வாழும் பிராண்டே ஊரின் நூலகத்தில் ஒரு விவாதக் கூட்டம். மருத்துவப் படிப்பில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குச் சில இடங்களை ஒதுக்கும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்பதா, வேண்டாமா? கேட்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவள் என் மகளின் மகள் அபிரா. அவளுக்குப் பரீட்சைப் புள்ளிகள் தாராளமாக இருந்தன. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத தோழிகளுக்காகத்தான் மாதக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆதரவு சேர்த்தாள்.

என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அம்மப்பா, நீங்கள் வந்து கையை மட்டும் உயத்தினாக் காணும். கதைக்க வேண்டாம்."

(எழுபது கடந்த யாழ்ப்பாணத்தானிடம் கதைக்க வேண்டாம் என்றால் அது அழைப்பிதழ்.)

பல்கலைக்கழகம், இனம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டதும் எனக்குள் தரப்படுத்தல் விழித்துக்கொண்டது. இலங்கையில் தமிழ் மாணவரிடம் மட்டும் கூடுதல் புள்ளி கேட்ட அந்த ஏற்பாட்டில்தான் என் பொறியியல் படிப்பு போனது. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அன்று என் டேனிஷ் என்னையே வியக்க வைத்தது.

"இனம் பார்த்து இடம் கொடுப்பது அநியாயம். எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவருடைய தயவும் வேண்டாம்!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அதிரவைத்தவர்கள் பின்வரிசைக்காரர்கள், எங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தேர்தலுக்குத் தேர்தல் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்கள். அவர்களில் மிகப் பருத்தவர் என்னைக் கட்டிப்பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார். (நான் சிரித்திருக்கிறேன். தெளிவாகத் தெரிகிறது.)

தீர்மானம் தோற்றது. காரில் அபிரா டேனிஷில் பொருமித் தீர்த்துவிட்டு, எனக்காகத் தமிழுக்கு வந்தாள்.

"அங்க, இலங்கையில, பலமுள்ள ஆக்கள் உங்களுக்குக் கதவைப் பூட்டினவை. நான் பூட்டிக் கிடக்கிற கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டனான். ரெண்டும் ஒண்டோ, அம்மப்பா?"

"புள்ளி எண்டா எல்லாருக்கும் ஒரே புள்ளிதான், பிள்ளை."

"அப்ப இறங்கி உங்கட புதுச் சிநேகிதரோட போங்கோ!"

அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்தது பிழை, மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் புள்ளியில் இனம் பார்க்கக் கூடாது என்பதிலிருந்து ஓர் அங்குலமும் அசையமாட்டேன். காயம் என்னுடையது. அதில் பின்வரிசை குளிர்காயவும் இனி விடமாட்டேன்.

வீட்டில் இப்போது குழம்பில் உப்புக் குறைவு என்று நான் வாயைத் திறந்தாலும் மருமகன் மறிக்கிறார்: "பொறுங்கோ மாமா, முதல்ல ஆர் கைதட்டுகினம் எண்டு பாப்பம்."

அதற்கு எழுந்து நின்று கைதட்டுபவள் அபிரா.