தஞ்சாவூரில் ஒரே ரூம், இரண்டு ஷிப்ட்

ஊருக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. தான் போட்ட பிளான் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்த அளவுக்கு இரண்டாவது வகை.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லைன் லீடர். என் லைனில் யார் எப்போது டீ குடிப்பது, யார் திரும்பி வந்த பிறகு யார் பாத்ரூம் போவது என்பதெல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். (வாய் கொஞ்சம் ஜாஸ்திதான், ஒத்துக்கிறேன்.) வீடு பிள்ளைப்பாக்கம். நிலம் விற்ற காசில் அப்பா மாடியில் போர்ஷன்கள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஒரு போர்ஷனில் இருந்தவன் முருகேசன், சங்கரன்கோவில்காரன். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்ல இறங்கி வந்தவன், மோட்டார் சரியான பிறகும் தினமும் இறங்கி வந்துகொண்டிருந்தான். மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

என் வீட்டில் சரி என்றார்கள். முருகேசனின் அம்மா மட்டும் இறங்கவில்லை. அவருக்குத் தன் தம்பி மகளைக் கட்டிவைக்க ஆசை. மகன் பிடிவாதம் தாங்காமல் கடைசியில் போனில் ஒரு வார்த்தை சொன்னார். "அந்தப் பிள்ளையோட அம்மை அப்பனப் பாக்கணும். உக்காந்து பேசணும். எப்படிப்பட்ட மனுசங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் சரின்னு சொல்லுவேன். எந்தம்பியும் கூட வருவான்."

எங்கே பார்ப்பது? அவர்கள் பிள்ளைப்பாக்கம் வந்தால் அது பெண் பார்க்க வந்ததாகிவிடும். நாங்கள் சங்கரன்கோவில் போனால், பெண்ணை வலியக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று பேச்சு வரும். கோவிலுக்கு வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. மேப்பை விரித்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவாந்தரத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது தஞ்சாவூர்.

"எல்லாத்தையும் என்கிட்ட விடு. நான் பாத்துக்கறேன்" என்றேன் முருகேசனிடம். அங்கேதான் சனி பிடித்தது.

அதுவரை நான் லாட்ஜ் என்று ஒன்றில் தங்கியதே கிடையாது. பஸ்ஸில் போகும்போது போனில் தஞ்சாவூர், சாப்பாட்டு நேரத்தில் தஞ்சாவூர், ஓ.டி. முடிந்து வரும்போதும் தஞ்சாவூர். பெரிய கோவிலா, அரண்மனையா, தர்பார் மண்டபமா, பழைய ஏட்டுச்சுவடி வைத்திருக்கும் நூலகமா, தலையாட்டி பொம்மைக் கடையா, எதை விடுவது? எதையும் விட மனசு வரவில்லை. அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. லாட்ஜ் ரூம். ஜன்னல். ஜன்னல் நிறைய பெரிய கோவில் கோபுரம்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முருகேசனின் அம்மா, என் வருங்கால அத்தை, அந்த ஜன்னலைத் திறப்பார், கோபுரத்தைப் பார்ப்பார், கன்னத்தில் போட்டுக்கொள்வார், 'இப்படி ஒரு ரூமைத் தேடிப் பிடிச்ச பிள்ளையா என் மருமக' என்று உருகிவிடுவார். மனசுக்குள் தாலியே ஏறிவிட்டது.

போன் போட்டேன். முகூர்த்த நாளாம். ஒரே ஒரு ரூம்தான் பாக்கி என்றார்கள். பக்கத்துத் தெரு லாட்ஜில் எத்தனை ரூம் வேண்டுமானாலும் கிடைத்தது. அங்கே கோபுரம் தெரியாது. வேறு யாராவது என்றால் பேசாமல் பக்கத்துத் தெருவுக்குப் போயிருப்பார்கள். எனக்கு மூளை வேலை செய்தது.

எங்கள் மாடியில் ஒரு போர்ஷனில் ஆறு பேர் இருப்பார்கள், பாய் மூன்றுதான் இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து ஒருவன் வரும்போது பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போயிருப்பான். எத்தனை வருஷமாக ஓடுகிறது, ஒரு சண்டை வந்ததில்லை. அதே கணக்குத்தானே? ஒரு குடும்பம் ஊர் சுற்றும்போது இன்னொரு குடும்பம் ரூமில் இருக்கட்டும். விடிந்ததும் எங்கள் வீட்டார் வந்து, குளித்து, வெயிலுக்கு முன்னால் கோவிலுக்குப் போவோம். உடனே முருகேசன் வீட்டார் ரூமுக்கு வந்து குளித்து ஓய்வெடுப்பார்கள். மதியம் அவர்கள் அரண்மனைக்கு, நாங்கள் ரூமுக்கு. சாயங்காலம் அவர்கள் கோவிலுக்கு, நாங்கள் பொம்மைக் கடைக்கு. அப்புறம் அவரவர் பஸ். முருகேசனிடம் சொன்னேன். அவனாவது யோசித்திருக்கலாம். "சூப்பர் ரேவதி! ஒரு நிமிசம் கூட ரூம் ஐடிலா சும்மா கெடக்கலயே!" என்றான். கம்பெனி எங்களை அப்படித் தயார் செய்து வைத்திருந்தது.

போய் இறங்கியதும் முதல் வேலையாக ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் மூன்று ஏ.சி. டப்பாவும் தெரிந்தன. ரூம் பையனைக் கேட்டால், அந்தப் படம் மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி மேலே ஏறி நின்று எடுத்ததாம். எட்டிப் பார்க்க வந்த அம்மாவை ஜன்னல் பக்கம் விடாமல் திரையை இழுத்து மூடினேன்.

ஆனால் கோவில்! அதை எப்படிச் சொல்ல? இளவெயிலில் அந்தக் கல் முழுக்கப் பொன்னிறமாக நின்றது. அப்பா அண்ணாந்து பார்த்த கழுத்தை இறக்கவே இல்லை. "இம்மாம் பெரிய கல்ல எப்பிட்றா மேல ஏத்துனானுங்க!" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரை எல்லாம் கேட்டார். நானோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முருகேசனுக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். 'ரூம் கிளியரா?' 'வந்தாச்சு.' 'குளிச்சாச்சா?' 'மாமா மட்டும் பாக்கி.' எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மதியம் அவர்கள் படி வழியாக இறங்கியபோது நாங்கள் லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்தோம். இதைவிடக் கச்சிதமாக ஒரு ஷிப்ட் மாற்றத்தை எந்த மேனேஜராலும் செய்ய முடியாது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து தலையணையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடி இது, தலகாணி சூடா கீது? கொடியில யாரோட ஈரத்துண்டு?"

"முருகேசன் வூட்டுக்காரங்கம்மா. இப்பதான் கிளம்பிப் போனாங்க."

"எங்க போனாங்க?"

"அரண்மனைக்கு. அப்புறம் கோயிலுக்கு. நாம பொம்மை வாங்கப் போறோம். அப்புறம் பஸ்" என்று பெருமையாக ஒப்பித்தேன்.

அம்மா என்னையே பார்த்தார். "அவங்களப் பாக்கத்தானேடி வந்தோம்?"

ஐயோ! கோவில் போட்டேன், அரண்மனை போட்டேன், பொம்மை போட்டேன். இரண்டு குடும்பமும் சந்திப்பதை எங்கேயுமே போடவில்லை! சந்திக்கவே முடியாதபடி ஒரு பிளானை நானே உட்கார்ந்து செதுக்கியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து முருகேசன் போன். "ரேவதி, மாமா பஸ் ஸ்டாண்டுக்கு நடையக் கட்டுதாவ. பொண்ணு வீட்டுக்காரவ நம்மளப் பாக்கப் பிடிக்காம ஒளிஞ்சு வெளயாடுதாவன்னு ஒரே சத்தம்."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். ஆட்டோக்காரரை விரட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், பைகளுக்கு நடுவே முருகேசனின் அப்பாவும் மாமாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் பிளான் போட்ட பிள்ளையோ?"

ஐம்பது பேரை வேலை வாங்குகிற வாய். அன்றைக்கு உளறியது. "எங்களுக்கு ஷிப்ட் மாதிரி யோசிச்சே பழகிடுச்சு மாமா. நான் முட்டாள், எங்க அப்பா அம்மா நல்லவங்க" என்று நடு பஸ் ஸ்டாண்டில் ஓவென்று அழுதேன். வேர்க்கடலை விற்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மாமாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "சரி சரி, கண்ணத் தொட. எங்கக்கா புளிச்சோத்துத் தூக்குவாளிய ரூம்லயே மறந்துட்டா. எடுக்கப் போயிருக்கா" என்றார்.

ரூமிலா? என் அம்மா இருக்கும் ரூமிலா? என் அம்மா கோபத்தில் என்னென்ன பேசுவார் என்று எனக்குத்தான் தெரியும். இருவரையும் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வழி நெடுக, தம்பி மகளுக்கும் முருகேசனுக்கும் கல்யாணம் நடப்பதும் நான் மொய் எழுதுவதும் கண் முன்னால் ஓடின.

கதவைத் திறந்தால், கட்டிலில் இரண்டு அம்மாக்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் தூக்குவாளி. புளிச்சோறு பாதி காலி. அப்பா தரையில் குறட்டை. முருகேசன் சுவரோரம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறான்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வா தாயி. காலைல நாங்க உள்ள நொழையும்போது பக்கெட்டு ரெண்டுலயும் தண்ணி நெறச்சு வச்சிருந்துச்சு. போர்வையெல்லாம் மடிச்சு, தரையப் பெருக்கி, பிளாஸ்க்குல காப்பி வேற. லாட்ஜ் ரூம யாரும்மா பெருக்கிட்டுப் போவா? அப்பவே நெனச்சேன், இந்தப் பொம்பளையப் பாக்காம ஊருக்குப் போகக் கூடாதுன்னு. இவன்தான் அதுக்குள்ள குதிச்சுட்டான்" என்று தம்பியை முறைத்தார்.

அம்மாவுக்கு வெட்கம். "எங்க மாடியில அப்பிடித்தாங்க. போறவன் வர்றவனுக்குத் தண்ணி புடிச்சி வச்சிட்டுத்தான் போவணும். நீங்களுந்தான் யாருன்னே தெரியாத எங்களுக்குச் சோத்த மூடி வச்சிட்டுப் போயிக்கிறீங்களே."

அத்தை பாதி காலியான தூக்குவாளியைப் பார்த்தார். "அது மறந்துட்டுப் போனது மதினி" என்றார்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அப்பா அலறியடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மாமாகூட மீசைக்குள் சிரித்தார். "சரி, பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் கூறு கம்மி. அம்மைக்கு இருக்கதுல பாதி வந்தாப் போதும்" என்று அத்தை முடிவைச் சொன்னார். சாயங்காலம் ஏழு பேரும் ஒன்றாகக் கோவிலுக்குப் போனோம். பிளானே இல்லாமல் போனோம். கோபுரத்தை அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதெல்லாம் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்தே ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். மதுரைக்குப் போன தடவை, "நான் ரூம் பாத்து, பிளான் போட்டுத் தர்றேன் அத்தை" என்று ஆசையாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாம் தாயி. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும்னு நெனக்கோம்" என்றார் அத்தை.