நாலாவது மூலை

அன்புள்ள சித்திக்கு,

என் சால்வையைக் கெடுத்தது நீங்கள்தான். வணக்கம். முழங்கால் வலி தேவலையா? சித்தப்பாவுக்குப் புதுக் கண்ணாடி பழகிவிட்டதா? இங்கே அலுவலகத்தில் நாங்கள் பன்னிரண்டு பேரும் நலமாக இல்லை.

நான் கேட்டது ஒரே ஓர் உதவி. கீழ்முனையில் மூன்று கண்ணியில் ஆரம்பித்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டி, சடை சடையாக முறுக்கி, சடைகளுக்கு நடுவே மணி மணியாகப் புடைப்பு வைத்து, பேருந்திலும் சாப்பாட்டு இடைவேளையிலும் நாலு மாதம் பின்னிய முக்கோணத்தை ஊசியோடு உங்களிடம் தந்தேன். கண்ணிகள் அவிழாமல் நான் மூடினால் ஓரம் இறுகிவிடும், கடைசி வரிசையை மட்டும் மூடிக் கொடுங்கள் என்றேன். ஒரு மாலை வேலை. நீங்கள் ஆறு வாரம் வைத்திருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை பார்சல் வந்தது. பிரித்ததும் முக்கோணம்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் ஓர் உதறு உதறினேன். எங்கிருந்தோ நாலாவது மூலை வந்து விழுந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். திரும்ப எண்ணினேன். நாலுதான். கூடவே உங்கள் சீட்டு: "பாதியிலேயே விட்டுட்டியே கண்ணு, நூல் மிச்சம் கெடந்துச்சு, முழுசாக்கிட்டேன்." முக்கோணம் பாதி இல்லை சித்தி. அதுதான் முழுசு.

எங்கள் அலுவலகத்து விதியை உங்களிடம் சொல்லியிருந்தேன். தொலைபேசிக்குப் பதில் சொல்லும் அறையில் இயந்திரங்கள் சூடாகக் கூடாதென்று எங்களை உறைய வைக்கிறார்கள். இயந்திரம் கெட்டால் மாற்றுவது கஷ்டம், எங்களை மாற்றுவது சுலபம். சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் கூடாது, கோட்டு கூடாது. 'கருநீல முக்கோணத் துண்டு' மட்டும் அணியலாம். எவ்வளவு தடிமன் என்று விதியில் இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் என் சால்வையை நுழைக்கப் பார்த்தேன். எனக்கு அனுமதி கிடைத்தால் பன்னிரண்டு பேரும் பின்னுவதாகப் பேச்சு. எல்லோரையும்விடத் தும்மல் அக்காதான் இதை நம்பியிருந்தார். இறந்த கணவரின் கைபேசி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அழுத வாடிக்கையாளரின் காதில் ஏழு முறை தும்மி, கடைசி எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர். இன்னொரு தும்மல், வேலை போச்சு.

வேறு வழியில்லாமல் நாலு மூலையோடு மேலாளரிடம் போனேன். அவர் கோட்டு போட்டிருந்தார். மேசையில் பரப்பச் சொன்னார்.

"எத்தனை மூலை இருக்கு, எண்ணிச் சொல்லும்மா."

"நாலு சார்."

"அப்ப இது போர்வை. தூங்கவா வர்றீங்க? புதன்கிழமைக்குள்ள சரியான வடிவத்துல வரலேன்னா, 'மெல்லிய'ங்கிற சொல்லை விதியில சேர்த்துடுவேன்."

அவ்வளவுதான். ஒரு சொல்லில் பன்னிரண்டு பேருக்கும் குளிர். அதனால் இதை எழுதிக்கொண்டே உங்கள் பாதியைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மூணு வரிசை போச்சு. சொன்னதை மட்டும் செஞ்சா என்ன சித்தி, கை நின்னா உங்களுக்கு உயிர் போயிடுமா?

சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கவும்.

கோபம் குறையாத,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: புதன் மாலை. மேலே எழுதிய அத்தனையையும் திரும்பப் பெறுகிறேன். காலையில் என்னை வேலைக்கு அழைத்துப் போக வந்த தும்மல் அக்கா, நான் பிரித்துக்கொண்டிருந்ததை அலுவலகக் குளிரை நினைத்துப் பிடுங்கி, மூலைக்கு மூலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏண்டி பிரிக்கிறே? மூணு மூலைதானே இருக்கு" என்றார். அப்படியே அலுவலகத்துக்கும் வந்தார். மேலாளர் அவரைச் சுற்றிவந்து மூன்று முறை எண்ணினார். மடித்திருக்கிறது என்றார். மடிக்கக் கூடாதென்று எங்கே இருக்கிறது என்று அக்கா கேட்டார். மேலாளர் விதிப் புத்தகத்தை மதியம்வரை புரட்டிவிட்டு அனுமதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மடங்கு தடிமன். அக்கா இன்று ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. சால்வை இனி எனக்குத் திரும்பாது.

ஆனால் ஒன்று. பார்சலில் அதை மூலைக்கு மூலை மடித்து வைத்தது நீங்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாக விரிப்பு மடிக்கிறீர்கள்; ஒன்றைக்கூட அப்படி மடித்து நான் பார்த்ததில்லை. இன்று போனில் கேட்டால் முழங்கால் வலியைப் பற்றியே பேசுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். எழுத்தில் பதில் வேண்டும்: தெரிந்துதான் செய்தீர்களா?