தன் வேகத்தில் நடப்பவர்

உங்கள் ஊரிலும் இவர் இருப்பார். விடிந்ததும் விடியாததுமாக வெள்ளை ஷூவும், மகன் கழித்துப்போட்ட கால்சட்டையும், கழுத்தில் ஒரு துண்டுமாக ரோட்டோரம் நடப்பாரே, அவரேதான். “நான் யார்கூடயும் போட்டி போடுத ஆள் இல்ல. என் வேகத்துல நடக்குதேன்” என்பார். அது என்ன வேகம்? முன்னால் போகிறவரின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலில் இந்த இனத்துக்குத் தலைவர் எலக்ட்ரிக் கடை காசி அண்ணாச்சி. சர்க்கரை கூடியிருக்கிறது, மூச்சு வாங்காமல் பிடித்த வேகத்தில் நடங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நடந்தார். நடந்துவிட்டு வந்து நாற்காலியில் சரிந்ததும் மனைவி சங்கரேஸ்வரியிடம், “உசிரு போயிட்டு வருதுட்டி. முட்டு ரெண்டும் கழண்டுட்டு. காப்பியக் கொண்டா” என்பார். கடை திறந்ததும் பக்கத்து ஜவுளிக்கடை அப்துல் ஜப்பார் விசாரித்தால், “நடையா? வேர்க்கவே இல்ல வே.” டாக்டரம்மாவிடமோ, “ரொம்ப சந்தோஷமா இருக்கு மேடம்.” நடந்தது ஒரே நடைதான்.

போன மாதம் ஒரு நாள், புளியங்குடி சாலையில், போனில் யாரிடமோ தன் நாத்தனாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே ஒரு பெண் அவரைத் தாண்டிப் போனாள். அண்ணாச்சியின் முகம் மாறவில்லை, கால் மாறியது. அவளைத் தாண்டினார். அவளுக்குப் பேச்சில் சூடு ஏற, நடையிலும் ஏறி, மறுபடி தாண்டினாள். போட்டி நடப்பதே அவளுக்குத் தெரியாது. வீடுகள் முடிந்தன, பெட்ரோல் பங்க் முடிந்தது, அண்ணாச்சியின் மூச்சும் முடிந்தது, நாத்தனார் செய்த அநியாயங்கள் மட்டும் முடியவில்லை.

ஸ்கூட்டரில் எதிரே வந்த ஜப்பார் பார்த்தபோது, அண்ணாச்சி ஒரு மைல்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணாச்சி, என்ன செய்யுது?”

“வேர்க்கவே இல்ல” என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஜப்பார் அவரை அள்ளிப் பின்னால் உட்காரவைத்து நேரே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். சங்கரேஸ்வரி பதறியடித்து ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா நெஞ்சைச் சோதித்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி.

“தினமும் நடக்கும்போது எப்படி இருக்கும்? கஷ்டமா, லேசா?”

இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் ஜப்பார், எதிரே டாக்டர். எந்தப் பதிலை எடுப்பார் மனிதர்?

“உசிரு போயிட்டு வருதுன்னுதான் தினம் சொல்லுதாக” என்றாள் சங்கரேஸ்வரி.

“எங்கிட்ட வேர்க்கவே இல்லன்னுல்லா சொன்னாக” என்றார் ஜப்பார்.

“இங்க வந்தா சந்தோஷமா இருக்குன்னு சொல்வார்” என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். அதிலிருந்து உதவி எதுவும் வரவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னார்: “எலுமிச்சம்பழ லோடு ஏத்திக்கிட்டு ஒரு வண்டி போகும் மேடம். அந்த வாசத்துக்கு அங்கனயே நின்னுருவேன். அது மட்டும்தான் பிடிக்கும். மத்ததெல்லாம் யாராவது பாத்துட்டா என்ன நினைப்பாகன்னு நடக்கது.”

“அப்ப நில்லுங்க” என்றார் டாக்டரம்மா. “நின்னு நின்னே நடங்க.”

இப்போது சங்கரேஸ்வரியும் கூடப் போகிறாள். வழியெல்லாம் இருவரும் நின்று, பேசி, சிரித்து, வெயில் ஏறிய பிறகு வீடு திரும்புகிறார்கள். நடை எப்படி என்று ஜப்பார் அவளிடம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. இவுகளுக்குத்தான் என் வேகம் வரமாட்டேங்கு.”

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? நடப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அலுப்பே தெரியாது என்கிறீர்களா? இருக்கலாம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.