துக்கச் சட்டை

மெஷின் உறுமியது. உறுமியதோடு சரி, சுற்றவில்லை.

எவாரிஸ்தோ மூடியைத் திறந்து பார்த்தான். பிழியும் தொட்டிக்குள் அவனுடைய வெள்ளைத் துக்கச் சட்டை பாதித் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. மூடினான். குமிழைத் திருகினான். மறுபடியும் அதே உறுமல்.

"சுத்து தாயே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சுத்து" என்று அதன் தலையைத் தடவிக் கெஞ்சினான்.

நாலு மணிக்கு எர்மெலிந்தா பெரியம்மாவுக்குப் பூசை. அவன் மனைவி நுரிஸை வளர்த்து ஆளாக்கியவள் அந்தப் பெரியம்மா. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவள் கண்ணை மூடியதும், நுரிஸ் வீட்டில் ரேடியோவைப் பிடுங்கி வைத்தாள். எவாரிஸ்தோவின் மேளத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த வருஷம் நமக்குத் திருவிழா கிடையாது. உன் மேல ஒரு பொட்டு சோளமாவைப் பார்த்தேன்னா, உன் பெட்டி வாசல்ல இருக்கும்."

சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். முன்பொரு திருவிழாவுக்கு அவன் சொல்லாமல் கொள்ளாமல் போய், அது முடிகிற சாம்பல் புதனன்று வீடு திரும்பியபோது பெட்டி நிஜமாகவே வாசலில் இருந்தது. பக்கத்து வீட்டு லாசரோவின் பஸ்ஸில், கடைசி சீட்டில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தான். இந்தத் தடவை மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

சத்தியத்தை மீற வேண்டும் என்று அவன் கிளம்பவில்லை, பாவம். சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றத்தான் துக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டான். ஆனால் எங்கள் ஊரான பாரங்கீயாவில் திருவிழாவை நாம் தேடிப்போக வேண்டியதில்லை, அதுவே தெருமுனையில் வந்து நிற்கும். மேளச் சத்தம் கேட்டது. கால் கோயில் பக்கம் போக மறுத்தது. லாசரோ எங்கிருந்தோ வந்து ஒரு நீளமூக்கு முகமூடியை அவன் தலையில் மாட்டிவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முகமூடி செய்தது என்பது எவாரிஸ்தோவின் கட்சி. எங்கள் ஊரில் ஆடுகிறவன் மேல் கை நிறைய சோளமாவை அள்ளி வீசாவிட்டால் அவனை மதிக்கவில்லை என்று அர்த்தம். அவனை ஊரே மதித்திருந்தது.

நல்லவேளையாக நுரிஸ் வீட்டில் இல்லை. பெரியம்மாவுக்காக ஜெபமாலை சொல்ல, சனி ஞாயிறு தங்கை லிலிபெத் வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிறு காலையில் எவாரிஸ்தோ தாகோபெர்தோவுக்குப் போன் போட்டான். தாகோ மோட்டார் சைக்கிளின் பின்னால் துவைக்கும் மெஷினைக் கட்டிக்கொண்டு வந்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவன். திருவிழா நாளில் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கொல்லையில் இறக்கிவைத்தவன், "மத்தியானம் வரேன்ணே" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

வாசலில் நின்று சட்டையை உதறினால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று, மாவும் அதுவுமாக அப்படியே மெஷினில் போட்டிருந்தான் எவாரிஸ்தோ.

மதிலுக்கு மேல் லாசரோவின் தலை எழுந்தது.

"என்ன மச்சான், மெஷின் அழுவுது?"

"சுத்த மாட்டேங்குது. தண்ணியும் இறங்கல."

"கீழ அடைச்சிருக்கும். என் பஸ்ஸுல இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கேன்! வென்னீரை ஊத்து, கரைஞ்சு ஓடிரும்."

"பஸ்ஸுக்கும் மெஷினுக்கும் என்னடா சம்பந்தம்?"

"ரெண்டுலயும் பெல்ட் இருக்குல்ல?"

பெரிய பானையில் தண்ணீர் கொதித்தது. எவாரிஸ்தோ அதை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தான். இந்த ஊரில் சோளமாவுக் கஞ்சி குடிக்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் மாவு என்ன ஆகும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பெரிய ஆம்பிளைகளுக்கும் அது தோன்றவில்லை.

சற்று நேரம் கழித்து எவாரிஸ்தோ கையை விட்டுப் பார்த்தான்.

"லாசரோ, இது என்னடா கொழகொழங்குது?"

லாசரோ மதிலேறிக் குதித்து வந்து விரலால் தொட்டான். முகர்ந்தான். "பதமா வந்திருக்கு மச்சான். சக்கரையும் பட்டையும் போட்டா சாப்பிடலாம்."

"என் வாழ்க்கை போகுது, உனக்குப் பட்டை கேக்குதா?"

"பதறாத. தண்ணி போற குழாய் இருக்குல்ல, அதுல வாயை வச்சு ஊது. நான் மேலேர்ந்து கம்பியை விட்டுக் குத்துறேன்."

எவாரிஸ்தோ மண்டியிட்டு, கன்னம் உப்ப ஊதினான். லாசரோ கம்பியால் குத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு வாங்குவதற்காக எவாரிஸ்தோ வாயை எடுத்துவிட்டுக் குழாயை உற்றுப் பார்த்த நேரம் பார்த்து அடைப்பு விட்டது. வந்த கஞ்சி முழுவதும் அவன் முகத்தில்தான் இறங்கியது.

"நேத்தைக்கு இருந்த மாதிரியே இருக்க" என்றான் லாசரோ.

"இன்னொரு வார்த்தை பேசினே, உன்னையும் இதுக்குள்ள போட்டுருவேன்."

அடைப்பு பாதிதான் விட்டிருந்தது. மெஷினைச் சாய்த்தால் மீதியும் வந்துவிடும் என்றான் லாசரோ. இருவருமாகச் சாய்த்தார்கள். மெஷின் கையை விட்டு நழுவிக் குப்புற விழுந்தது. கொல்லை முழுக்கக் கஞ்சி ஓடியது. பக்கத்து வீட்டுக் கோழி வந்து ருசி பார்த்தது.

கடைசியில் மாசி வெயிலையும் காற்றையும் நம்பி, சட்டையைக் கையாலேயே பிழிந்து கொடியில் போட்டான். எங்கள் ஊர்க் காற்றைச் சும்மா சொல்லக்கூடாது. கொஞ்ச நேரத்தில் சட்டை காய்ந்தது. காய்ந்து பலகையாகிவிட்டது. இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு கொடியில் நின்ற அது, தனியாகவே ஆடப் போவதுபோல் இருந்தது.

"போட்டுக்க. உடம்புச் சூட்டுல இளகிரும்" என்றான் லாசரோ.

அன்றைய தினம் அவன் சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்பது தெரிந்தும், எவாரிஸ்தோ தலையை உள்ளே விட்டான். சட்டை ஏறிவிட்டது. ஆனால் கை மடங்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. சிலுவை மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு கொல்லை நடுவில் அவன் நின்றபோது, வாசல் கதவு திறந்தது.

லாசரோ மதிலைத் தாண்டி மறைந்தான். அவ்வளவு வேகமாக அவன் பஸ் ஓட்டியதில்லை.

நுரிஸ் கறுப்பு உடையில், கையில் ஜெபமாலையோடு வந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"சட்டை."

"அது தெரியுது. ஏன் இப்படி நிக்கிற?"

"துவைச்சேன் நுரிஸ். பெரியம்மா பூசைக்கு."

அவள் கிட்டே வந்து கைமடிப்பைத் தட்டினாள். டொக்கென்று சத்தம் வந்தது. விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தாள். எவாரிஸ்தோவுக்கு லாசரோவின் பஸ்ஸும் கடைசி சீட்டும் கண்முன் வந்தன. இனி மறைத்துப் பயனில்லை.

"நுரிஸ், நான் உண்மையைச் சொல்லிடறேன். நேத்து மெழுகுவர்த்தி ஏத்தத்தான் போனேன்..."

"இது யாரோட மெஷின்?"

"தாகோவோடது. காலைல கொண்டாந்து இறக்கினான். நேத்து நான்..."

நுரிஸின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஜெபமாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"சரி, விடு" என்றாள்.

"என்ன?"

"பழைய மெஷின். அப்படித்தான் இருக்கும். நீ என்ன பண்ணுவ? கையைத் தூக்கு, கழட்டி விடறேன்."

எவாரிஸ்தோவால் நம்ப முடியவில்லை. அவள் சட்டையைக் கழற்றினாள். அவன் முகத்தில் காய்ந்திருந்ததைத் தன் கறுப்பு உடையின் ஓரத்தாலேயே துடைத்தாள். நேற்றைய கதையை அவன் திரும்பத் தொடங்கியபோதெல்லாம், "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று வாயை அடைத்தாள். நீலச் சட்டை எடுத்துத் தந்தாள். "பெரியம்மாவுக்கு நீலம்னா உசுரு" என்றாள். காப்பியும் போட்டுக் கொடுத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நுரிஸை அவன் கண்டதில்லை. மேலேயிருந்து பெரியம்மாதான் தனக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று முடிவு செய்தான். போன உயிர் திரும்பி வந்தது. காப்பியை இரண்டே மடக்கில் குடித்தான்.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நுரிஸ் அவனுக்கு முன்னால் ஓடினாள்.

"தாகோ, மெஷினைத் தூக்கிட்டுக் கிளம்பு. பேசாம தூக்கு. பூசைக்கு நேரமாச்சு."

"இருங்கக்கா, என்ன இது ஆறு ஓடுது?"

"ஒண்ணும் இல்ல. தூக்குன்னா தூக்கு!"

தாகோ கேட்கவில்லை. அவன் பிழைப்பு அது. மெஷினைப் புரட்டி, அடியில் கையை விட்டு, ஒரு கை நிறைய வெள்ளைப் பசையை அள்ளி வெளியே எடுத்தான். எவாரிஸ்தோ கண்களை இறுக மூடிக்கொண்டான்.

தாகோ நேரே நுரிஸைப் பார்த்தான்.

"காலைல உங்க தங்கச்சி வீட்ல தலைபாடா அடிச்சுக்கிட்டேனேக்கா, நீங்க ஆடிட்டு வந்த பாவாடையை மாவை உதறிட்டுப் போடுங்கன்னு! இப்பப் பாருங்க, ஒரு பாவமும் அறியாத அண்ணன் சட்டை வீணாப்போச்சு."