அசல் ஒலிப் பாதுகாப்புப் பேரவை

உலக நாகரிகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது. ஏற்றுக்கொண்டவர் பம்ப்செட் கம்பெனி முதலாளி கிருபாசங்கர். அறுபது வருஷத்துக்கு முந்தைய, பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வு போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கப்பலில் வரவழைத்த கையோடு, 'அசல் ஒலிப் பாதுகாப்புப் பேரவை'யையும் நிறுவிவிட்டார். தலைவர், போட்டியின்றி, அவரே.

ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். அதற்குள் பெட்டியைச் சோதித்து 'தகுதியுடையது' என்று கையெழுத்துப் போடும் பாக்கியம், கம்பெனியில் இருபது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலுமணிக்குக் கிடைத்தது.

வேலுமணி திறந்து பார்த்தார். ஏசி கரண்ட்டை டிசியாக்க டயோடு இல்லை. அதற்கும் ஒரு வால்வு. தந்தியை ஓங்கி மீட்டினால் உள்ளே வோல்டேஜ் தொய்ந்து, சோம்பல் முறித்து எழுந்து வந்தது. டயோடு போட்டால் நிமிர்ந்துவிடும் என்று ஆரம்பித்தவரைத் தலைவர் பதறித் தடுத்தார். அந்தத் தொய்வில்தான் சுகமே இருக்கிறதாம். தோட்டத்தில் லோ வோல்டேஜ் என்று போன வாரம் மின்வாரியத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதியவரும் அவர்தான். தனக்கு ரசனை போதாது என்று வேலுமணி வாயை மூடிக்கொண்டார்.

ஒத்திகையில் வந்தது வினை. கிட்டார் வாசிக்க வந்த மௌனிகா, தந்தியில் கை இருக்க, மைக்கில் உதடு பட்டதும் அறை வாங்கியவள் போலப் பின்னால் போய் விழுந்தாள்.

வேலுமணி காரணத்தைக் கண்டுபிடித்தார். பழைய கண்டென்சர் ஒன்று பழுதாகி, மெயின் கரண்ட்டைப் பெட்டியின் இரும்புக்கும், அங்கிருந்து தந்திக்கும் விட்டுக்கொண்டிருந்தது. பிளக்கில் இரண்டே பின். எர்த் கிடையாது.

"அதைக் கழட்டிப்போட்டு மூணு பின் ஒயர் மாட்டிடலாமுங்க. சத்தம் துளிகூட மாறாதுங்க."

"அசல் போயிருமேப்பா."

"நம்ம தோட்டத்து மோட்டாருக்கே கரியும் உப்பும் கொட்டி எர்த் குழி வெட்டியிருக்கோமுங்க."

"அது தண்ணி இறைக்குது வேலுமணி. இது கலை."

பேரவை அவசரமாகக் கூடியது. பஜ்ஜி வந்தது. ஷாக் என்பதே தவறான சொல், அது 'பழமையின் ஸ்பரிசம்' என்றார் செயலாளர். ரப்பர் செருப்பு தரலாம் என்றார் பொருளாளர். மைக்கில் எர்த் இருப்பதால் கரண்ட் உதடு வழியாகவே இறங்கும், செருப்பு காப்பாற்றாது என்று வேலுமணி சொன்னது, உரிய மரியாதையுடன் குறிப்பேட்டில் ஏற்றப்பட்டது.

மௌனிகா எழுந்தாள். "ஏனுங்ணா, ஒரு கையில தந்தியப் புடிச்சுட்டு நீங்க மைக்குல வரவேற்புரை பேசுங்க. ஒண்ணும் ஆகலீன்னா நான் வாசிக்கறனுங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார். ஞாயிற்றுக்கிழமை தமக்குக் குரல் சரியிருக்காது என்று முன்கூட்டியே அறிவித்தார்.

சான்றிதழ் வேலுமணியின் முன் நகர்ந்து வந்தது. அவர் பேனாவை மூடி அதன்மேல் வைத்தார்.

"புள்ள செத்துப்போயிருமுங்க. நான் போட மாட்டனுங்க."

தலைவர் முன்மொழிய, செயலாளர் வழிமொழிய, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'ஆம்ப்ளிஃபயரின் எந்தப் பாகத்தையும் மாற்றலாகாது. வாசிப்பவரையும் சான்றளிப்பவரையும் மாற்றிக்கொள்ளலாம்.'