பிமல் தாவிடமிருந்து நான் சார்ஜ் எடுத்த விவரம்

பவானிபூர், கல்கத்தா
ஞாயிறு

மதிப்பிற்குரிய மைத்துனர் முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு, கோமதியின் கணவன் பரமசிவம் வணக்கத்துடன் எழுதுவது. சென்னையில் தாங்கள் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் தங்கை மிகவும் சௌக்கியம். பிரச்சினையே அதுதான்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. மூன்று மாதமாக எங்கள் தெருமுனைப் பழைய வீட்டு ஹாலில் ஒரு நவீன நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். நாடகம் என்றால் வசனம் கிடையாது, பாட்டு கிடையாது, நடையும் கிடையாது. வயதான உடம்பும் நெருக்கமும் பற்றியதாம். இரண்டு பேர் நெற்றியோடு நெற்றி வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்க வேண்டும். அவ்வளவுதான். இதை அறுபது பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஜோடியாக நிற்பவர் எங்கள் மாடி வீட்டு பிமல் தா, ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். நல்ல மனிதர்தான், பூஜைக்கு இனிப்பு கொடுத்து அனுப்புவார். ஆனாலும் நெற்றி என்பது நெற்றி அல்லவா? அடுத்த மாதம் சென்னையில் வேறு போடுகிறார்களாம். நம் சொந்தம் மொத்தமும் அங்கேதானே இருக்கிறது! போகக்கூடாது என்றேன். "அப்போ நான் எங்க அண்ணன் வீட்டோடயே இருந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

நேற்று சாயங்காலம் அவளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று போனேன். நடு ஹாலில் ரெண்டு பேரும் நிக்காங்க. நேரே போய் பிமல் தாவின் தோளைத் தட்டினேன் மச்சான், நியாயம் கேட்கத்தான் தட்டினேன். பார்க்க வந்தவர் யாராவது தோளைத் தட்டினால் இடத்தை அவருக்கு விட்டுவிட வேண்டும் என்பது அந்த நாடகத்தின் விதியாம், எனக்கு எப்படித் தெரியும்? மனுஷன் "பாஞ்சாலேன் தாதா" என்றார், காப்பாற்றினீர்கள் அண்ணா என்று அர்த்தம், முழங்காலைத் தடவிக்கொண்டே வாசலில் ஜால்முரி என்கிற மசாலாப் பொரி தின்னப் போய்விட்டார். கோமதி கண்ணைத் திறக்காம கையை நீட்டிக்கிட்டு நிக்கா. அறுபது பேர் பாக்காங்க. என்ன செய்ய, பிடிச்சேன்.

கார்டன் ரீச் ரயில்வே கன்ட்ரோல் ரூமில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன் நான். அடுத்த ஆள் வந்து சார்ஜ் எடுக்காமல் ஒரு நாளும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஆகவே நின்றேன். ரிலீவர் வரவேயில்லை. ஒண்ணேகால் மணி நேரம்! அவள் மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு என் விரலில் பட்டது.

"இது எப்போ?" என்றேன்.

"நாலு வருஷம் ஆச்சு. பேசாதீய, நாடகம் நடக்கு."

நாலு வருஷமாக அந்தக் கை போட்ட சோற்றைத்தான் தின்கிறேன் மச்சான். ரொம்ப வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது. நடிப்பு என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

அது கிடக்கட்டும். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது. தாங்கள் மூத்தவர் என்ற முறையில் கடுமையாக நாலு வரி எழுதி, அவளுடைய சென்னைப் பயணத்தை நிறுத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
ஆ. பரமசிவம்
(ரயில்வே, ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பிமல் தா வந்தார். முழங்கால் சரிப்படவில்லை, சென்னைக்கு வர முடியாதாம். அவர் இடத்துக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டிலேயே ஒத்திகை. சும்மா நிற்பதற்கு ஒத்திகை எதற்கு என்கிறாள் கோமதி. அவளுக்கு வேண்டாம். எனக்கு வேண்டியிருக்கிறது.