நிற்காத ஆமென்

ஆம்பூர்,
16-10-2003, வியாழன்.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மாமா தேவானந்தம் அவர்களுக்கு, மருமகன் ஜெஸ்டன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சிந்தசைசரும் சுகம். அவ்விடம் தாங்களும் அத்தையும் சுகமாகவே இருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வயதிலும் மாத்திரை, மருந்து என்று எதையும் தொடாத இரும்பு உடம்பு தங்களுடையது என்று இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிற்க. தங்கள் மகள் பிரிஸ்கில்லா செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து தங்கள் வீட்டுக்குப் போன் செய்கிறேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. வீடே என் மேல் கோபமாக இருக்கிறது என்பது புரிகிறது. நியாயமான கோபம் என்றுகூட வைத்துக்கொள்வோம். ஆனால் தாங்கள் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் இரு தரப்பையும் கேட்காமல் ஒரு பையனையும் வெளியே நிற்க வைத்ததில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே என் தரப்பை விவரமாக எழுதுகிறேன். படித்து முடித்ததும் தாங்களே அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் தோல் தொழிற்சாலைக்கு ஸ்ப்ளிட்டிங் மிஷின் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஓர் என்ஜினியர் வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். உவே என்று பெயர். எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் என்ற முறையில் நான்தான் கூடவே இருந்தேன். அவருக்குத் தம் ஊரில் சிந்தசைசர் கட்டுவதுதான் பொழுதுபோக்கு. திரும்பிப் போனவர் சர்க்யூட் பலகைகளும் சில்லுகளுமாக ஒரு பெட்டி நிறைய அனுப்பிவைத்தார். நானே பற்றவைத்துக் கட்டினேன். மாடுலர் சிந்தசைசர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை மாமா. தொழிற்சாலையில் தோல் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகிறது, டிரம்முக்குப் போகிறது, சாயத்துக்குப் போகிறது, பாலிஷுக்குப் போகிறது; ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு வேலை. இங்கே தோலுக்குப் பதிலாகச் சத்தம் போகிறது. ஒரு பலகை சத்தத்தை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று திறந்து மூடும். எதை எதற்கு முன்னால் வைப்பது என்பது மட்டும் நம் இஷ்டம். ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினால் தொழிற்சாலையே மாறிவிடும். இதையெல்லாம் பொருத்த உறுதியான இரும்புச் சட்டம் வேண்டுமே என்று யோசித்தேன். தாங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த பீரோவை விட உறுதியானது ஆம்பூரில் இல்லை. கதவில் துளை போடும்போது டிரில் பிட் இரண்டு உடைந்தது. அப்படி ஒரு தகடு! தங்கள் தேர்வை மனதாரப் பாராட்டினேன். புடவைகளை நான் வெளியே எறியவில்லை. மடித்து, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் மரியாதையாகத்தான் வைத்தேன்.

இனி முக்கியமான சங்கதி: ஸ்பெக்ட்ரல் ரிவெர்ப். கோவிலுக்குள் தாங்கள் கை தட்டினால் சத்தம் கொஞ்ச நேரம் சுற்றி நின்றுவிட்டுப் போகிறதல்லவா, அது ரிவெர்ப். அதில் எல்லாம் ஒன்றாகக் கலந்து மங்கும். ஸ்பெக்ட்ரல் என்பது வேறு. ஸ்ப்ளிட்டிங் மிஷினில் ஒரே தோலை மேல் அடுக்கு, அடி அடுக்கு என்று கிழித்து, மேலதை ஷூவுக்கும் அடியை வேலைக்காரர் கையுறைக்கும் அனுப்புகிறோமே, அதே வேலையைச் சத்தத்துக்குச் செய்வது. சிந்தசைசரிலிருந்து ஒயர் என் பழைய கம்ப்யூட்டருக்குப் போகும். அது சத்தத்தை நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகளாகக் கிழிக்கும். கட்டைக் குரல் சீக்கிரம் சாகட்டும், கீச்சுக் குரல் நெடுநேரம் மிதக்கட்டும் என்று அடுக்கு அடுக்காக ஆயுசு கொடுக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த நொடியில் இருக்கிற சத்தம் அப்படியே உறைந்து நிற்கும். கையை எடுக்கிற வரைக்கும் நிற்கும். ஒரு கரண்டி விழுந்த சத்தத்தை நான் அரைமணி நேரம் நிறுத்தி அதன் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு பெரிய கோவில் மணி இருக்கிறது மாமா! கரண்டிக்குள்!

தங்கள் மகளுக்கு இதில் மதிப்பில்லை. போன மாதம் ஒரு நாள் பீரோ முன்னால் நின்று, "இன்னாங்க, இந்தப் பெட்டியால ஒருத்தருக்காவது ஒரு பிரயோஜனம் உண்டா? ஜஹீருன்னிசா வீட்டுக்காரர் அடுப்பு வச்சா தெருவே சாப்டுது. நீங்க இத வச்சி இன்னா செஞ்சீங்க?" என்று கேட்டாள். அடுத்த வீட்டு அமீர் பாஷா பாயையும் அவர் பிரியாணியையும் சொல்கிறாள். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டு போயிருப்பேன். அவள் கேட்டுவிட்டாளே. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை வந்தது.

வீட்டுக்குள் இடம் போதாது என்பதால் தெருவில் பந்தல் போட்டு ஜமுக்காளம் விரித்திருந்தோம். மைக் செட்காரனை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் சபைப் போதகர் ரெனால்ட் ஐயரின் மைக்கை பீரோவுக்குள் செருகினேன். பீரோவிலிருந்து பந்தலில் இரண்டு ஸ்பீக்கர். ஐயர் பிரசங்கத்தின்போது துளித் துளியாக ரிவெர்ப் சேர்த்தேன். அவருக்கே தன் குரல் பிடித்துப்போய்விட்டது. வழக்கத்தைவிட ஜாஸ்தி நேரம் பேசினார். முடிவில் எல்லாரும் முழங்காலில் நின்றார்கள், கண்ணை மூடினார்கள். நீண்ட ஜெபம். கடைசியில் பந்தல் முழுக்க ஒரே குரலாக "ஆமென்" என்றது. மாமா, அதை என்னவென்று சொல்வது! ஆண் குரல், பெண் குரல், சபையிலேயே மூத்தவரான தேவகிருபை அம்மாவின் நடுங்கும் குரல், எல்லாம் ஒரே நொடியில் மைக்கில் வந்து விழுந்தன. என் விரல் பொத்தானில் இருந்தது. அழுத்தினேன். இரண்டு மூச்சு நேரம் நிறுத்திவிட்டு மெல்ல இறக்கலாம் என்பதுதான் திட்டம்.

ஆனால் அது நின்ற அழகு! முதலில் கட்டைக் குரல்களை மட்டும் மங்கவிட்டேன்; மேலே பெண்கள் குரல் தனியே எழுந்து பந்தலுக்கு மேலே போய் நின்றது. அதையும் மெலியவிட்டு நடுவில் இருந்த அடுக்கைத் திறந்தேன். யாரோ தூரத்தில் ஆர்மோனியம் வாசிப்பது போல வந்தது. ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் முடியாமல் யார் கண்ணைத் திறப்பார்கள்? முதலில் திறக்கிறவன்தானே ஜெபத்தில் மனம் இல்லாதவன்! பக்கத்தில் இருப்பவர்தான் இன்னும் இழுக்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்து, நாம் மட்டும் விட்டுவிடக்கூடாது என்று மறுபடியும் "ஆமென்" என்று சேர்ந்துகொண்டார்கள். அதுவும் மைக்கில் வந்தது. அதையும் சேர்த்து நிறுத்தினேன். வட ஆற்காட்டில் இதற்கு முன் யாரும் இப்படி ஒரு சத்தத்தை அமைத்ததில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அமீர் பாஷா பாய் பக்கத்துச் சந்தில், ஜெபம் முடிந்ததும் பரிமாற வேண்டிய பிரியாணி தேக்சாவைத் தம்மில் போட்டுவிட்டு மூடி மேல் தணலோடு காத்திருந்தார். ஜெபம் முடிவதற்கு முன் மூடியைத் திறக்க வேண்டாம் என்பது பிரிஸ்கில்லாவின் உத்தரவு. மரியாதைக்காரர் அல்லவா, பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் தீய்ந்த வாசனை முதலில் வந்தது, அவர் பின்னால் ஓடிவந்தார். "சார், முடியாம தம்மு ஒடைக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்க. நீங்க முடிக்கவே மாட்டேன்றீங்க. அடி புடிச்சிடுச்சு சார்!" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லாருக்கும் கண் திறந்தது. எனக்குக் கையும் பொத்தானிலிருந்து எழுந்தது.

முழங்காலிலிருந்து எழ முடியாமல் நாலைந்து பேரைத் தூக்கிவிட வேண்டியிருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. ஐயர் என் தோளில் கை போட்டு, "தம்பி, நான் முடிச்சிட்டேன். சபை விடாம ஆமென் சொல்லிட்டிருக்கு. சபையே விடாதப்ப ஐயர் முதல்ல எந்திரிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். தேவகிருபை அம்மா, "ஐயரே கண்ணத் தெறக்கல, நான் எப்டிப்பா தெறக்கறது? முட்டி போச்சு. ஆனா இன்னாவோ ஒரு ஆனந்தம்" என்றார். கண்ணை மூடியிருந்தவருக்கு ஐயர் கண்ணைத் திறக்காதது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அடி பிடிக்காமல் மேலே இருந்த பிரியாணியும் அருமையாகத்தான் இருந்தது.

பிரிஸ்கில்லா மட்டும் நடுவிலேயே கண்ணைத் திறந்துவிட்டிருக்கிறாள். வாசற்படியில் நின்று என்னையே பார்த்திருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அத்தன பேரும் வலியில இருந்தாங்க. நீங்க மட்டும் சிரிச்சிட்டிருந்தீங்க." கோபம் என்பது தோல் மாதிரி, நாலு நாள் ஊறித்தான் பதத்துக்கு வரும் போலிருக்கிறது; செவ்வாய்க்கிழமை பையைத் தூக்கிவிட்டாள். இத்தனைக்கும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளுக்குப் பேஜார் கொடுக்கக்கூடாது என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். வேறு எந்தக் கணவன் இவ்வளவு பார்ப்பான்?

ஆகவே மாமா, அவளிடம் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது இதுதான். இவன் காது சாதாரணக் காது அல்ல. ஒரு சத்தத்தை நூறாகக் கிழித்துக் கேட்கிற காது. அவள் பேசாமல் போனாளே, அந்தப் பேசாமையின் எடைகூட எனக்குக் கேட்டது. பீரோவை அமீர் பாஷா பாயின் கிடங்குக்கு மாற்றவும் நான் தயார். ஜெபத்தில் பொத்தானைத் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் தயார். ஒன்றை மட்டும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. வேலை முடிந்து வந்து பீரோவைத் திறந்தால் எந்த ஒயரை எதில் செருகுவது என்றே தோன்றவில்லை. நன்றாக வந்ததென்று யாரிடம் சொல்வது? அவள் ரசிக்க மாட்டாள்தான். இருந்தாலும் அவளிடம்தானே சொல்ல வேண்டும்.

நல்ல பதிலை எதிர்பார்த்து முடிக்கிறேன். அத்தைக்கு என் ஸ்தோத்திரம். ஆண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளும் நோய்நொடி இல்லாத தேகமும், மருமகன் மேல் கொஞ்சம் இரக்கமும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஜெஸ்டன்.

பின்குறிப்பு: மாமா, கவரை ஒட்டப் பசை கேட்டு அமீர் பாஷா பாய் வீட்டுக்குப் போனேன். அவர், "இன்னா சார், மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா ஆச்சா?" என்றார். "எந்த மாமா?" என்றேன். அவர் ஜஹீருன்னிசாவைக் கூப்பிட்டார். பிரிஸ்கில்லா செவ்வாய்க்கிழமை பால்காரருக்குச் சொல்லிவிட்டு, மாற்றுச் சாவியையும் ஜஹீருன்னிசாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். தங்களுக்குக் குடலிறக்கம், புதன்கிழமை ஆபரேஷன், வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஆஸ்பத்திரியில். சாவி வாங்க வந்த ஜஹீருன்னிசா பார்க்கவே அவள் என் எதிரில் நின்று இதை முழுதாகச் சொன்னாளாம். நான் ஹெட்போனைக் கழற்றாமல் தலையை ஆட்டி, "ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்றேனாம். "உங்க வீட்டுக்காரர் பெரிய மனசு, கவலையே படல" என்று ஜஹீருன்னிசா சொன்னதற்கு அவள், "அவரு கேக்கவே இல்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம்.

மாமா, மேலே எழுதியதில் சரியாக இருப்பது தங்கள் விலாசம் ஒன்றுதான் என்று எழுத வந்தேன். இப்போது அதுவும் தப்பு. எந்த வார்டு என்று எனக்குத் தெரியாது. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையில் எடுத்துக்கொண்டு நானே கிளம்புகிறேன். தையல் காயும் வரை தாங்கள் இதைப் படிக்க வேண்டாம், சிரிக்கக் கூடாது. வந்ததும் முதலில் தங்கள் கட்டிலருகே நின்று உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். பிறகு பிரிஸ்கில்லாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், செவ்வாய்க்கிழமை சொன்னதை முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லச் சொல்வேன். சொல்ல மாட்டேன் என்றால், சொல்கிற வரைக்கும் அங்கேயே நிற்பேன்.